காற்று மாசை நாமே அளப்பது: எந்தக் கேள்விக்கு எந்தக் கருவி?

"எங்கள் தெருவில் காற்று எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும், எந்த சென்சார் வாங்கலாம்?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். எரிச்சலூட்டும் பதில்தான். ஆனால் அதற்கு அவர்கள் சொல்வதைப் பொறுத்து வாங்க வேண்டிய பொருளே மாறிவிடுகிறது. ஆஸ்துமா உள்ள குழந்தையை எந்த நேரத்தில் வெளியே விளையாட விடலாம் என்று பார்ப்பவருக்கு ஒரு கருவி சரிவரும். பள்ளி வாசலில் இன்ஜினை அணைக்காமல் நிற்கும் வண்டிகளைப் பற்றி நகராட்சியிடம் பேசப் போகிற ஆசிரியருக்கு அதே கருவி கைகொடுக்காது. சிலருக்கு எதையுமே வாங்கத் தேவையில்லை.

சாதாரண ஆட்கள் கைக்கு எட்டும் ஐந்து வழிகளை இங்கே எடை போடுகிறேன்: அரசு நிலையத் தரவு, கடையில் கிடைக்கும் துகள் சென்சார், நாமே கோர்த்துச் செய்யும் சென்சார், நைட்ரஜன் டை ஆக்சைடு பரவல் குழாய், வாயு சென்சார் பெட்டி.

## முதலில் அளவுகோல்கள்

துகளா, வாயுவா? எல்லாவற்றுக்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது இது. பி.எம் 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவும் விட்டமுள்ள நுண்துகள்கள். புகை, வண்டிக் கரி, காற்றிலேயே வேதிவினையால் உருவாகும் உப்புகள் எல்லாம் இதில் அடக்கம். நைட்ரஜன் டை ஆக்சைடு வாயு. நகரங்களில் பெரும்பாலும் வண்டிகளின் கைங்கரியம். நுண்துகளில் பெரும்பங்கு எங்கிருந்தோ மிதந்து வந்து ஊர் முழுக்கப் பரவி நிற்கும். அதனால் பெரிய சாலைக்கும் இரண்டு தெரு தள்ளிய இடத்துக்கும் பி.எம் 2.5 வித்தியாசம் பல நாட்களில் சின்னதாகவே இருக்கும். நைட்ரஜன் டை ஆக்சைடோ சாலையை விட்டு விலக விலகத் தெளிவாகக் குறையும். சாலைப் புகையை நிரூபிக்கத் துகள் சென்சார் வாங்கிவிட்டு, "இரண்டு இடத்திலும் ஒரே எண்தான் வருகிறது" என்று விழித்தவர்கள் நிறையப் பேர்.

எதோடு ஒப்பிடப் போகிறீர்கள்? நேற்றையும் இன்றையும் ஒப்பிடலாம். இந்த இடத்தையும் அந்த இடத்தையும் ஒப்பிடலாம். அல்லது ஒரு வரம்போடு ஒப்பிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில் பி.எம் 2.5க்கு ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரி 15. நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு 10, 25. முதல் இரண்டு ஒப்பீட்டுக்கும் கருவி ஒரே மாதிரி தப்பாக இருந்தால்கூடப் பரவாயில்லை. மூன்றாவதற்கு உண்மையான எண் வேண்டும். மலிவு சென்சார்கள் முதல் இரண்டில் கெட்டி, மூன்றாவதில் மகா சோப்ளாங்கி.

யார் நம்ப வேண்டும்? நீங்கள் மட்டும் நம்பினால் போதுமா, அதிகாரி நம்ப வேண்டுமா? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008 விதியைப் பார்த்தால் இது புரியும். நிரந்தர நிலையத்தின் பி.எம் 2.5 அளவில் 25 சதவீதம் வரை நிச்சயமின்மையை அது ஏற்றது. அதற்கு அடுத்த படியான "சுட்டும் அளவீடு" என்ற வகைக்கு 50 சதவீதம். சட்டமே இப்படி இரண்டு படி வைத்திருக்கும்போது, பால்கனியில் தொங்கும் கருவியின் எண்ணைக் காட்டி "வரம்பு மீறல்" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முதல் கேள்வியிலேயே மடக்கிவிடுவார்.

யார் பார்த்துக்கொள்வது? மாட்டிய பிறகு ஓராண்டு, ஈராண்டு அதைத் துடைத்து, இணைப்பு அறுந்தால் சரிசெய்து, எண் விலகினால் கண்டுபிடிக்க ஒரு ஆள் வேண்டும். விலையைப் பட்டியலில் கடைசியில் வைக்கிறேன். கருவியின் விலையைவிட இந்த ஆளின் நேரம்தான் பெரிய செலவு.

## 1. எதுவும் வாங்காமல்: அரசு நிலையத் தரவு

கண்காணிப்பு நிலையங்களில் துகளை அளக்கும் முறைகளில் பரவலானது பீட்டா கதிர் முறை. காற்றை ஒரு வடிகட்டி நாடா வழியே இழுத்து, நாடாவில் படிந்த துகள் எவ்வளவு கதிரைத் தடுக்கிறது என்று பார்த்து எடையைக் கணக்கிடுகிறார்கள். காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்த பிறகே அளக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; மலிவு சென்சார் சறுக்கும் இடமே அதுதான். நைட்ரஜன் டை ஆக்சைடை, வேதிவினையில் எழும் ஒளியைக் கொண்டு அளக்கிறார்கள். ஒரு நிலையத்தின் செலவில் மலிவு சென்சார்களை நூற்றுக்கணக்கில் வாங்கலாம்.

பணச் செலவு உங்களுக்கு இல்லை. மறைந்திருப்பது தூரம். கூகுள் ஸ்ட்ரீட் வியூ கார்களில் கருவிகளைப் பொருத்தி அமெரிக்காவின் ஓக்லாந்து நகரத் தெருக்களில் திரும்பத் திரும்ப ஓட்டி அளந்த ஆய்வு 2017இல் வெளியானது. கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடும் ஒரே தெருப் பகுதிக்குள் 5 முதல் 8 மடங்கு வரை வேறுபடும் என்று அதில் தெரிந்தது. ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நிலையம் உங்கள் சந்திப்பைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? இன்னொன்று, பல நிலையங்களைச் சாலையிலிருந்து வேண்டுமென்றே விலக்கி வைத்திருப்பார்கள். நகரத்தின் பொதுவான நிலவரம் தெரிய வேண்டும் என்பது நோக்கம். உங்களுக்கு அருகிலிருப்பது "பின்னணி" வகையா, "போக்குவரத்து" வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செயலிகளில் வரும் காற்றுத் தரக் குறியீட்டைவிட மைக்ரோகிராம் எண்ணையே பாருங்கள். குறியீட்டின் படிகள் நாட்டுக்கு நாடு வேறு. பெரும்பாலும் நாள் சராசரிக்காக வகுத்தவை. இரண்டு நிமிட எண்ணை அந்த அளவுகோலில் பொருத்திப் பார்த்தால் ஒரு லாரி கடந்து போனாலே "அபாயம்" என்று சிவப்பாகிவிடும்.

காட்டுத்தீப் புகை, குளிர்காலத் தேக்கம் போல் ஊர் முழுக்க மூடும் மாசுக்கும், பத்தாண்டுப் போக்கைப் பார்க்கவும், நீதிமன்றத்துக்குப் போகும் விஷயத்துக்கும் இதுவே போதும். போதும் என்ன, இதுதான் சரி.

## 2. கடையில் கிடைக்கும் துகள் சென்சார்

பெரும்பாலோர் மனதில் வைத்துக் கேட்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உள்ளே ஒரு சின்ன விசிறி, ஒரு லேசர், ஒரு ஒளி உணரி. துகள் லேசரைக் கடக்கும்போது சிதறும் ஒளியைப் பார்த்து அளவை ஊகிக்கிறது. கவனியுங்கள், எடை போடவே இல்லை. ஒளியை எண்ணிவிட்டு, "துகள் இந்த வடிவம், இந்த அடர்த்தி" என்று வைத்துக்கொண்டு எடையாக மாற்றுகிறது. அந்த ஊகம் தவறும் இடங்கள் மூன்று.

முதலாவது ஈரம். காற்றில் ஈரப்பதம் ஏறினால் சல்பேட், நைட்ரேட் உப்புத் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிப்போகும். சென்சாருக்கு அது அதிக மாசு. நான் முதலில் மாட்டிய கருவி தினமும் விடியற்காலை நான்கு மணிக்கு ஏறி ஏழரைக்கு இறங்கியது. இரவு லாரிகள்தான் காரணம் என்று ஒரு மாதம் உறுதியாக நம்பினேன், நண்பர்களிடம் வரைபடம்கூடக் காட்டிவிட்டேன். அப்புறம் ஈரப்பத வரைபடத்தை அதன் மேல் போட்டுப் பார்த்தால், இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே முகம்.

இரண்டாவது, துகளின் தன்மை. மரப்புகை, டீசல் கரி, மண் தூசி ஒவ்வொன்றும் ஒளியை வேறுவிதமாகச் சிதறடிக்கும். ஓரிடத்தில் சரியாகத் திருத்திய கருவி வேறு ஊரில், ஏன், அதே ஊரில் வேறு பருவத்தில்கூட விலகும்.

மூன்றாவது, அளவு. ஏறக்குறைய 0.3 மைக்ரோமீட்டருக்குக் கீழே இதற்குக் கண் தெரியாது. இன்ஜின் புகையில் எண்ணிக்கையில் பெரும்பான்மை அந்த ரகம். மறுமுனையில் பெரிய தூசியும் சிறு விசிறியின் இழுப்புக்கு வராமல் தப்பிவிடும். புழுதிப் புயல் வீசும் நாளில் கருவி சமர்த்தாக "நல்ல காற்று" என்று சொல்லும். திரையில் பி.எம் 10 (10 மைக்ரோமீட்டர் வரையிலான துகள்) என்று ஓர் எண் வரும். நான் அதைப் பார்ப்பதே இல்லை.

இதெல்லாம் திருத்த முடிந்த குறைகள். இந்த ரகத்தில் பரவலான பர்ப்பிள்ஏர் என்ற கருவிகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு திருத்தச் சூத்திரம் வகுத்தது. ஆய்வுக் கட்டுரை 2021இல் வந்தது. கருவியின் எண்ணை 0.524ஆல் பெருக்கி, ஈரப்பத சதவீதத்தை 0.0862ஆல் பெருக்கிக் கழித்து, 5.75 கூட்ட வேண்டும். கருவி 60 காட்டி, ஈரப்பதம் 50 என்றால் திருத்திய எண் 33. ஏறத்தாழ பாதி! அந்த நாட்டுக் காற்றுக்கு வகுத்த சூத்திரம் என்பதால் வேறிடத்தில் அப்படியே போடக் கூடாது. ஆனால் திருத்தாத எண் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

வாங்கும்போது ஒரே பெட்டியில் இரண்டு துகள் உணரிகள் உள்ள கருவியைத் தேடுங்கள். பர்ப்பிள்ஏரின் பிஏ-2 அப்படிப்பட்டது. இரண்டும் ஒத்துப்போகும் வரை நம்பலாம். ஒன்று விலகினால் உள்ளே தூசியோ சிலந்தியோ குடியேறியிருக்கிறது. ஒற்றை உணரி கெட்டால் கெட்டது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

மறைமுகச் செலவு? மின்சாரமும் வைஃபையும் எட்டும் இடத்தில்தான் மாட்ட முடியும். அதனால் கருவி போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், பிளக் இருக்கும் இடத்துக்குப் போகும். பெரும்பாலும் அது சமையலறைப் புகை வெளியேறும் சுவர். தரவு நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். மொத்தமாக எடுக்கக் கட்டணம் உண்டா, மாதச் சந்தா உண்டா, நிறுவனம் மூடினால் கருவி தனியே இயங்குமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

ஒரு நாளில் எந்த நேரம் மோசம், புகை வந்த நாளில் ஜன்னலை எப்போது திறக்கலாம், வீட்டுக்குள் காற்று சுத்திகரிப்பான் உண்மையில் வேலை செய்கிறதா போன்ற கேள்விகளுக்கு இதற்கு நிகர் எதுவும் இல்லை.

## 3. நாமே கோர்ப்பது

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 2015இல் லுஃப்ட்டாடன் என்ற பெயரில் தொடங்கி, இப்போது சென்சார் கம்யூனிட்டி என்று உலகெங்கும் பரவியிருக்கும் முயற்சி இதற்கு முன்னோடி. ஒரு எஸ்டிஎஸ்011 துகள் உணரி, நோட்எம்சியூ என்ற வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகை, ஈரப்பத உணரி ஒன்று, நாலைந்து கம்பி. மழைக்கு ஒதுங்க இரண்டு வளைந்த பிளாஸ்டிக் வடிகால் குழாய்கள். அவ்வளவுதான். பாகங்களின் விலை தயார்நிலைக் கருவியின் ஒரு சிறு பங்கு.

ஆனால் தகவல்தாளைப் படியுங்கள். எஸ்டிஎஸ்011இன் லேசர் ஆயுள் 8,000 மணி நேரம். இடைவிடாமல் ஓடினால் 333 நாள், ஓராண்டுகூட இல்லை. அதனால்தான் அந்தக் குழுவின் மென்பொருள் இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் எழுப்பி அளந்துவிட்டுத் தூங்கவைக்கிறது. ஈரப்பதம் 70 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கிறது. ஈரமான கடற்கரை நகரத்தில் இந்த நிபந்தனை பாதி நாள் நிறைவேறாது. சென்சிரியன் நிறுவனத்தின் எஸ்பிஎஸ்30 போன்ற விலை கூடிய உணரிக்கு ஆயுள் பத்தாண்டு என்கிறது தயாரிப்பாளரின் தாள். வாரம் ஒருமுறை விசிறியை வேகமாகச் சுழற்றித் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். மூன்றாண்டுக் கணக்குப் போட்டால் "மலிவு" எது என்பது மாறிவிடும்.

இதன் உண்மையான விலை உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள். சந்தோஷமாகக் கொடுப்பவருக்கு இது பிரமாதமான வழி. இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் பெட்டி சுவரில் தொங்கும், தரவு வராது. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும், ஒரே இடத்தில் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் வேண்டும்போதும், கச்சாத் தரவு முழுக்கத் தன் கையில் இருக்க வேண்டும் என்பவருக்கும் இதைத்தான் சொல்வேன்.

## 4. பரவல் குழாய்

விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய். மேல் மூடியில், வாயுவை உறிஞ்சும் ட்ரைஎத்தனாலமைன் தடவிய எஃகு வலை, கீழ்முனை திறந்திருக்கும். 1976இலிருந்து புழக்கத்தில் இருக்கும் வடிவமைப்பு. விளக்குக் கம்பத்தில் இரண்டு முதல் நான்கு வாரம் கட்டி வைத்து, மூடி, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தக் காலம் முழுமைக்குமான நைட்ரஜன் டை ஆக்சைடு சராசரி ஒரே எண்ணாக வரும். மின்சாரம் வேண்டாம், வைஃபை வேண்டாம், செயலி வேண்டாம்.

பார்க்க நம்பகமாகத் தெரியாத இந்தக் குழாயைத்தான் பிரிட்டனின் உள்ளாட்சிகள் ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்துகின்றன. சில குழாய்களை அரசு நிலையத்தின் காற்று நுழைவாயிலுக்குப் பக்கத்தில் கட்டி, இரண்டுக்கும் உள்ள விகிதத்தால் எல்லாக் குழாய்களையும் திருத்துகிறார்கள். அதிகாரி முன்னால் வைக்கும்போது "இது உங்கள் ஆட்களே பயன்படுத்தும் முறை" என்று சொல்ல முடிவது சின்ன விஷயம் இல்லை.

செலவு ஆய்வகத்தில் இருக்கிறது. குழாய்க்கு ஒரு கட்டணம், ஒவ்வொரு மாதமும். திறக்காமல் வைத்த "வெற்று" குழாய் ஒன்றையும் கூடவே அனுப்ப வேண்டும். காற்று பலமாக அடிக்கும் மூலையில் திறந்த முனையில் சுழல் உண்டாகி எண் கூடிவிடும். யாராவது பிடுங்கிப் போடவும் செய்வார்கள். காலை எட்டு மணிக்கா, மாலையிலா என்ற கேள்விக்கு இது வாயே திறக்காது.

## 5. வாயு சென்சார் பெட்டி

மின்வேதி உணரி கொண்ட பெட்டிகள் மணிக்கு மணி நைட்ரஜன் டை ஆக்சைடு சொல்லும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஓசோனைக் கண்டாலும் அதே உணரி துள்ளும், வெப்பம் மாறினாலும் துள்ளும், இரண்டாண்டு வாக்கில் மாற்ற வேண்டும், நடுவில் பலமுறை நிலையத்துக்குப் பக்கத்தில் வைத்துத் திருத்த வேண்டும். பல்கலைக்கழகமோ நகராட்சியோ கூட இருந்தால் யோசியுங்கள். தனி ஆளாக வேண்டாம்.

எம்க்யூ-135 என்ற மிக மலிவான வாயு உணரியை "காற்றுத் தர சென்சார்" என்று விற்கிறார்கள். அம்மோனியா, ஆல்கஹால், புகை, ஈரம் எல்லாவற்றுக்கும் தலையாட்டும். எது என்று சொல்லாது. பக்கத்தில் யாராவது கைக்கு சானிடைசர் போட்டால் "காற்று மோசம்" என்று காட்டும். பள்ளிக் கண்காட்சிக்கு அழகு, அதோடு சரி.

செயற்கைக்கோளை விட்டுவிட்டாயே என்பார்கள். செயற்கைக்கோளிலிருந்து நைட்ரஜன் டை ஆக்சைடைப் பார்க்கும் ட்ரோபோமி கருவியின் ஒரு படப்புள்ளி 5.5 கிலோமீட்டருக்கு 3.5 கிலோமீட்டர், பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில் ஒருமுறை கடக்கும். தெருவைப் பற்றிய பேச்சில் அதற்கு இடமில்லை.

## பக்கத்தில் பக்கத்தில்

| | அரசு நிலையம் | தயார்நிலை சென்சார் | நாமே கோர்ப்பது | பரவல் குழாய் | வாயு பெட்டி |
|---|---|---|---|---|---|
| அளப்பது | துகள், வாயு | பி.எம் 2.5 | பி.எம் 2.5 | நைட்ரஜன் டை ஆக்சைடு | வாயு |
| நேர நுணுக்கம் | மணிநேரம் | நிமிடம் | நிமிடம் | 2–4 வாரம் | நிமிடம், மணி |
| வரம்போடு ஒப்பிட | ஆம் | திருத்தினால் ஓரளவு | திருத்தினால் ஓரளவு | திருத்தினால் ஆம், ஆண்டுச் சராசரிக்கு | கடினம் |
| உங்கள் தெருவைச் சொல்லுமா | அரிது | ஆம் | ஆம் | ஆம் | ஆம் |
| மறைமுகச் செலவு | தூரம் | இடம், சந்தா | நேரம் | ஆய்வகம் | திருத்தம், மாற்று உணரி |

## வாங்கிய பிறகு முதல் மாதம்

சென்சார் என்றால் ஒன்று வாங்காதீர்கள், இரண்டு வாங்குங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் விலை குறைந்த ரகத்தில் இரண்டு. முதல் இரண்டு வாரம் இரண்டையும் ஒரே கம்பியில், கைப்பிடி தூரத்தில் மாட்டுங்கள். ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகிறது என்பது தெரியும். அந்த விலகலைவிடச் சிறிய வித்தியாசத்தைப் பற்றி பிறகு எப்போதும் பேசக் கூடாது. அடுத்ததாக, அனுமதி கிடைத்தால், அரசு நிலையத்துக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருக்கத்தில் சில வாரம். அமெரிக்க முகமையின் 2021 பரிந்துரையில் ஒரு சோதனைக்கு 30 நாள், குறைந்தது மூன்று கருவிகள். நிலையத்தின் எண்ணையும் சென்சாரின் எண்ணையும் வரைபடத்தில் போட்டால் கிடைக்கும் கோட்டின் சாய்வு 0.65க்கும் 1.35க்கும் இடையில், ஒத்திசைவு (R²) 0.70க்குக் குறையாமல் இருக்க வேண்டும். வீட்டுக் கணினியில் அட்டவணை போடத் தெரிந்தால் இதைச் செய்துவிடலாம். பருவம் மாறியதும் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள்.

மாட்டும் உயரம் மூச்சு விடும் உயரத்தை ஒட்டி இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008 விதியில் நிலையங்களுக்கே பொதுவாக 1.5 முதல் 4 மீட்டர் என்றுதான் இருந்தது.

## சரி, யாருக்கு எது?

ஆஸ்துமா குழந்தையின் வீட்டுக்கு இரட்டை உணரி உள்ள தயார்நிலைக் கருவி. ஒன்று வெளியே, முடிந்தால் ஒன்று உள்ளே. எண்ணைவிட ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். ஊர் முழுக்கப் புகை மூடிய நாளில் அரசு நிலையம் சொல்வதைக் கேளுங்கள்.

பெரிய சாலை ஓரத்தில் வசிப்பவர்கள் சேர்ந்து கேள்வி கேட்பதானால் பரவல் குழாய். சாலை ஓரம், ஐம்பது மீட்டர் உள்ளே, இருநூறு மீட்டர் உள்ளே, நிலையத்துக்குப் பக்கத்தில் ஒன்று, வெற்று ஒன்று. வரம்பின் ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட ஓராண்டு பொறுமை வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்க நினைத்தால் பருவத்தைத்தான் அளந்திருப்பீர்கள்.

குப்பை எரிப்பு, அடுத்த தெருப் பட்டறைப் புகை போன்ற உள்ளூர்த் தொல்லைக்கு இரண்டு துகள் சென்சார்கள், காற்று வரும் திசையில் ஒன்று, போகும் திசையில் ஒன்று. இரண்டின் வித்தியாசம்தான் உங்கள் சான்று. எரித்த நேரத்தைக் கையால் ஒரு நோட்டில் குறித்து வைத்தால் அந்தச் சான்றின் மதிப்பு இரட்டிப்பாகும்.

பள்ளி வாசல் ஆசிரியருக்கு நான் சொன்னது கொஞ்சம் கலப்படமான பதில். மாணவர்கள் கோர்த்த இரண்டு துகள் சென்சார்கள், வாசலில் ஒன்றும் மைதானத்தின் பின்மூலையில் ஒன்றும். கூடவே இடத்துக்கு ஒரு பரவல் குழாய், நான்கு வாரம் பள்ளி நாட்களில், நான்கு வாரம் விடுமுறையில். சென்சார்கள் பெரிய வித்தியாசம் காட்டாமல் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். குழாய்களை விடுமுறை தொடங்குவதற்குள் வரவழைக்க வேண்டும் என்பதுதான் இப்போது அவருடைய கவலை.